ஏ.சி. வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? என் கணக்கு 915, ரீடிங் 380!

வைகைக்கரை | 2025 மார்ச் 23, இரவு 9.40

மதுரையில் வாடகை வீடு, இரண்டு பெட்ரூம். நான், மனைவி, அம்மா, நான்கு வயது மகள். இந்தக் கோடைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கியே ஆக வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பில் எவ்வளவு ஏறும் என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம் என்று கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். ஏ.சி. பக்கம் போவதற்குள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு சாமானிலும் ஒட்டியிருக்கும் வாட்ஸ், அது ஓடும் மணி நேரம், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து, 60 நாளுக்குக் கணக்கிட்டேன். ஃபிரிட்ஜ் 250 வாட்ஸ், 24 மணி நேரம்: 360 யூனிட். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட்ஸ், 14 மணி நேரம்: 189. டி.வி. 30. வாஷிங் மெஷின் 2000 வாட்ஸ், ஒரு மணி நேரம்: 120. வாட்டர் ஹீட்டரும் அதே 120. அயர்ன் பாக்ஸ் 30, லைட் 29, மிக்சி 22, வைஃபை பெட்டி 14. மொத்தம் கிட்டத்தட்ட 915 யூனிட்!

ஆனால் போன வருஷம் இதே ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு வந்த ரீடிங் 380 யூனிட். மீட்டர் ஓடவில்லையா, எனக்குக் கணக்கு வரவில்லையா? மீட்டர் தப்பு என்றால் சொல்லாதீர்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய_ஒயர்மேன் | மார்ச் 23, இரவு 10.15

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது தம்பி. ஸ்டிக்கரில் போட்டிருப்பது அந்தச் சாமான் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்பது. எப்போதும் அவ்வளவு இழுக்காது.

ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி ஓடும். அதற்கு வாட்ஸைப் பார்க்கவே கூடாது. முன்னால் நட்சத்திரம் போட்ட லேபிள் இருக்கிறதே, அதில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

வாஷிங் மெஷினில் 2000 வாட்ஸ் என்பது தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட்டரைச் சேர்த்து. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் மோட்டாருக்கு மட்டும்தான் கரண்ட். அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் சூடு ஏறியதும் தானாகவே கட் ஆகிவிடும். இந்த நாலையும் திருத்தினாலே உங்கள் 915 பாதிக்கு வந்துவிடும்.

வைகைக்கரை | மார்ச் 24, காலை 7.05

அண்ணா, ஃபிரிட்ஜ் லேபிளில் 230 யூனிட் போட்டிருக்கிறது. 365-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 38! நான் எழுதியது 360. ஒரே சாமானில் 322 யூனிட் அதிகமாகப் போட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 24, காலை 11.30

மீதியையும் முடித்துவிடுவோம். சூடாக்கும் சாமான்களுக்கு வாட்ஸை விட தண்ணீரைக் கணக்குப் போடுவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். ஹீட்டர் 1000 வாட்ஸாக இருந்தாலும் 3000 வாட்ஸாக இருந்தாலும் இது மாறாது, சீக்கிரம் சூடாகுமா மெதுவாகச் சூடாகுமா என்பதுதான் வித்தியாசம். உங்கள் வீட்டில் வெயில் காலத்தில் யார் வெந்நீரில் குளிப்பார்கள்?

வைகைக்கரை | மார்ச் 24, மதியம் 1.10

அம்மாவும் மகளும் மட்டும். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு பக்கெட் இருக்கும், அதிலும் பாதி பச்சைத் தண்ணீர் கலப்பார்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 24, மதியம் 2.00

அப்படியென்றால் ஹீட்டரிலிருந்து வருவது சுமார் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு: 30 × 20 × 1.163, அதாவது 0.7 யூனிட். டேங்கில் வீணாகும் சூட்டையும் சேர்த்து 0.8. இரண்டு மாதத்துக்கு 48 யூனிட்.

இப்போது கூட்டுங்கள். ஃபிரிட்ஜ் 38, ஃபேன் 189, டி.வி. 30, வாஷிங் மெஷின் ஒரு 8, மிக்சி 5 (அரை மணி நேரம் மிக்சி ஓடுகிற வீடு எது? தினமும் கல்யாணச் சமையலா?), அயர்ன் 15, லைட் 29, வைஃபை 14, ஹீட்டர் 48. மொத்தம் 376. உங்கள் ரீடிங் 380. மீட்டரைச் சந்தேகப்பட்டதற்கு அதனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கவனித்தீர்களா, உங்கள் வீட்டில் பாதி கரண்ட்டைச் சாப்பிடுவது ஃபேன். ஃபிரிட்ஜை இரவில் அணைத்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டிலேயே ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

வைகைக்கரை | மார்ச் 24, இரவு 8.45

அருமை. சரி, இப்போது ஏ.சி.க்கு வருகிறேன். கடையில் பார்த்த 3 ஸ்டார் இன்வெர்டர் ஏ.சி. லேபிளில் வருடத்துக்கு 975 யூனிட். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 2.67, இரண்டு மாதத்துக்கு 160 யூனிட்தான். பயந்த அளவுக்கு இல்லையே?

சிறுவாணி | மார்ச் 24, இரவு 9.20

நில்லுங்கள்! ஃபிரிட்ஜுக்குச் செய்ததை ஏ.சி.க்குச் செய்யக் கூடாது. போன வருஷம் இதே தப்பைச் செய்துவிட்டு ஜூனில் பில்லைப் பார்த்து வியர்த்தவள் சொல்கிறேன், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வியர்த்தேன்.

ஃபிரிட்ஜ் லேபிள் வருடம் முழுக்க ஓடுவதற்கு. ஏ.சி. லேபிளில் இருக்கும் யூனிட், வருடத்துக்கு 1600 மணி நேரம் மட்டும் ஓடுவதாக வைத்துப் போட்டது. அதனால் 975-ஐ 1600-ஆல் வகுக்க வேண்டும், மணிக்கு 0.61 யூனிட். ராத்திரி 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரம், 60 நாள் என்றால் 480 மணி நேரம். 290 யூனிட் பக்கத்தில் வரும்.

வைகைக்கரை | மார்ச் 24, இரவு 9.50

நன்றி அக்கா. மணிக்கு 0.6 என்று வைத்து 288 யூனிட். போன வருஷ 380 யூனிட்டுக்கு இப்போதைய ரேட்டில் பில் 1,081 ரூபாய், ஒரு யூனிட் சராசரியாக 2.84 ரூபாய். அப்போது ஏ.சி. செலவு 288 × 2.84, சுமார் 820 ரூபாய். மாதம் 410. பரவாயில்லை, தாங்கலாம்!

கணக்குப்பிள்ளை | மார்ச் 25, காலை 10.10

தாங்க மாட்டீர்கள். முக்கால்வாசிப் பேர் விழும் குழி இதுதான். சராசரியைத் தொடவே தொடாதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலையிலிருந்து நாம் கட்டும் ரேட் இப்படி. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 அப்போதும் இலவசம்தான், ஆனால் அந்த 2.35 ரேட் காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. அப்புறம் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

உங்கள் வீட்டில் ஏற்கனவே 380 போய்க்கொண்டிருக்கிறது. ஏ.சி.யின் 288 யூனிட் அதற்கு மேலே போய் உட்காருகிறது, கீழே வந்து இலவச 100-இல் பங்கு கேட்காது. மொத்தம் 668:

முதல் 100: இலவசம்
அடுத்த 300 × 4.70 = 1,410
அடுத்த 100 × 6.30 = 630
அடுத்த 100 × 8.40 = 840
கடைசி 68 × 9.45 = 642.60
மொத்தம் 3,522.60

இதிலிருந்து ஏ.சி. இல்லாத 1,081-ஐக் கழியுங்கள். ஏ.சி.யின் செலவு 2,441.60. ஒரு யூனிட்டுக்கு 8.48 ரூபாய். நீங்கள் போட்ட 820-க்கு மூன்று மடங்கு.

ஒரு சாமான் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிய வேண்டுமா? அது இருந்தால் வரும் முழுப் பில்லையும் அது இல்லாவிட்டால் வரும் முழுப் பில்லையும் தனித்தனியாகப் போட்டுக் கழியுங்கள். குறுக்கு வழி கிடையாது.

வைகைக்கரை | மார்ச் 25, காலை 10.40

வீட்டில் இதைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

பழைய_ஒயர்மேன் | மார்ச் 25, மதியம் 12.25

500-ஐத் தாண்டும் பயம் பழைய பயம். சின்னக் கதை சொல்கிறேன். 100 யூனிட் இலவசம் 2016 மே மாதம் வந்தது. 2022 செப்டம்பர் வரை இருந்த ரேட்டில் 500 யூனிட்டுக்கு, நிலைக் கட்டணம் 30 ரூபாயையும் சேர்த்து, 1,130 ரூபாய். 501 ஆகிவிட்டால் 1,786 ரூபாய் 60 காசு. ஒரே யூனிட்டுக்கு 656 ரூபாய்! அந்தக் காலத்தில் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் வீட்டில் மெயினை அணைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

2022 செப்டம்பர் 10-இல் ரேட்டை மாற்றியபோது நிலைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், 500-க்கும் 501-க்கும் இடையில் இருந்த பள்ளமும் சுருங்கியது. இப்போது 500-க்கு 1,805, 501-க்கு 2,048.40. வித்தியாசம் 243 ரூபாய். வலிக்கும், ஆனால் அந்தப் பழைய வலி இல்லை. இன்றும் 498-இல் வந்து நின்றுவிட்டது என்று கோயிலுக்குத் தேங்காய் உடைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

மாடிவீடு | மார்ச் 25, மாலை 4.30

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம், என் பிரச்சினையும் இதில்தான் வருகிறது. கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், அதாவது ஒரே மின் இணைப்பு. எனக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் கணக்கில் வாங்குகிறார். கேட்டால், "உங்களால்தான் என் பில் ஸ்லாப் (ரேட் மாறும் படி) தாண்டுகிறது" என்கிறார். போன தடவை என்னுடையது 250 யூனிட், 2,000 ரூபாய் கொடுத்தேன். அவர் சொல்வது நியாயமா?

கணக்குப்பிள்ளை | மார்ச் 25, மாலை 6.15

மொத்த ரீடிங் எவ்வளவு?

மாடிவீடு | மார்ச் 25, மாலை 6.40

550. அதாவது அவர் வீடு 300.

கணக்குப்பிள்ளை | மார்ச் 25, இரவு 7.30

550 யூனிட்டுக்குப் பில் 1,410 + 630 + 420 = 2,460 ரூபாய். அதில் நீங்கள் 2,000 கொடுத்தீர்கள் என்றால், 300 யூனிட் ஓட்டிய அவர் கைக்காசு 460. தனி சர்வீஸ் இருந்திருந்தால் 300 யூனிட்டுக்கு அவரே 705 கட்டியிருப்பார். உங்கள் தயவில் அவருக்கு 245 ரூபாய் லாபம்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தனித்தனி சர்வீஸ் என்றால் அவருக்கு 705, உங்களுக்கு 470, மொத்தம் 1,175தான். ஒரே சர்வீஸில் ஓட்டுவதால் கூடுதலாக 1,285 ரூபாய் போகிறது. ஒரு இலவச நூறு போகிறது, ஸ்லாபும் ஏறுகிறது. ஆனால் அதற்குக் காரணம் நீங்களும் அவரும் சேர்ந்துதான். முதல் 300 என்னுடையது, மேலே இருப்பதெல்லாம் உன்னுடையது என்று அவர் சொன்னால், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாமே?

சண்டையில்லாத வழி, பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது. 2,460 × 250 ÷ 550, உங்கள் பங்கு 1,118 ரூபாய்.

சிறுவாணி | மார்ச் 25, இரவு 8.10

வைகைக்கரை, நீங்கள் பேசும் சராசரிக் கணக்கு வேலை செய்யும் ஊரும் இருக்கிறது. என் தங்கை பெங்களூரில். கர்நாடகாவில் 2024-இலிருந்து வீட்டுக்கு ஸ்லாப் கிடையாது, எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட், கிலோவாட்டுக்கு இத்தனை என்று நிலைக் கட்டணம் தனி. அவள் யூனிட்டை ரேட்டால் பெருக்கிவிட்டுப் போய்விடுவாள். நம் ஊரில் ஏறும் படிக்கட்டு ஏழு.

ராக்கெட்_ராத்திரி | மார்ச் 26, காலை 6.50

இரண்டு மாதக் கணக்குதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். மாதா மாதம் ரீடிங் எடுத்தால் பில் பாதியாகிவிடும். 668 என்பது மாதம் 334தானே, எல்லோரும் 500-க்குள் வந்துவிடுவோம்!

கணக்குப்பிள்ளை | மார்ச் 26, காலை 9.30

ஸ்லாபை அப்படியே விட்டுவிட்டு மாதா மாதம் எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஸ்லாபையும் பாதியாக வெட்டிவிட்டால்? இலவசம் 50, எல்லை 250 என்று ஆகிவிட்டால்? ஒரு மாதம் 150, அடுத்த மாதம் 350 ஓட்டும் வீட்டைப் பாருங்கள். இப்போது 500-க்கு 1,805. பாதி ஸ்லாபில் மாதா மாதம் போட்டால் 352.50 + 1,912.50 = 2,265. 460 ரூபாய் கூடுதல்! மே மாதத்தின் உபயோகத்தை ஏப்ரல் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது, அதைப் பிரித்தால் மே தனியாக மாட்டிக்கொள்ளும். எனவே எந்த மாதக் கணக்கு என்று கேட்டுவிட்டுக் கை தட்டுங்கள்.

அடுப்பங்கரை | மார்ச் 26, மதியம் 3.00

ஒரு கேள்வி. இவ்வளவு கணக்கும் ஏ.சி. மணிக்கு 0.6 யூனிட் இழுக்கும் என்பதை நம்பித்தானே? நம் வீட்டில் அது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க முடியாதா? ரூம் மொட்டை மாடிக்குக் கீழே இருந்தால் அதிகம் இழுக்கும் என்கிறார்களே?

பழைய_ஒயர்மேன் | மார்ச் 26, மாலை 5.45

முடியும், பைசா செலவில்லாமல். மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ அச்சடித்திருக்கும். 3200 என்றால், அந்த விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள், பத்தால் வகுங்கள். 3200 மீட்டராக இருந்தால் 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்ஸ். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

உதாரணம்: ஏ.சி. போட்ட புதிதில் மின்னலுக்கு முக்கால் விநாடி என்றால் 1500 வாட்ஸ். ரூம் குளிர்ந்த பிறகு மின்னலுக்கு 2.25 விநாடி என்றால் வீடு மொத்தமும் 500 வாட்ஸ். இன்வெர்டர் ஏ.சி. அப்படித்தான், முதலில் பிய்த்து இழுக்கும், அப்புறம் அடங்கும். மேல்மாடி ரூம் என்றால் அடங்க நேரமாகும், ராத்திரி பன்னிரண்டு வரை தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே லேபிள் கணக்கு செல்லாது, விளக்கை எண்ணுவதுதான் வழி.

இன்னொன்று. மீட்டர் டிஸ்பிளேயில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று வரிசையாக மாறிக்கொண்டே வரும். எண்ணுக்குப் பக்கத்தில் கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று வருவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜைக் குறித்துக்கொண்டு வந்து, "மூன்று நாளாக ரீடிங் 230-லேயே நிற்கிறது" என்றவர் ஒருவர் உண்டு.

அடுப்பங்கரை | மார்ச் 27, காலை 8.20

எண்ணிப் பார்த்தேன்! வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் 45 விநாடிக்கு ஒரு மின்னல் வருகிறது. 1125 ÷ 45, அதாவது 25 வாட்ஸ். ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டேன். யார் குடிக்கிறார்கள் இந்தக் கரண்ட்டை? பக்கத்து வீட்டில் யாரும் கொக்கி போட்டிருக்கிறார்களோ?

பழைய_ஒயர்மேன் | மார்ச் 27, காலை 9.00

பக்கத்து வீட்டை விடுங்கள் அம்மா. பேட்டரி வைத்த இன்வெர்டர் இருக்கிறதா? வைஃபை பெட்டி? டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் செட்டாப் பாக்ஸ் தூங்காது, விழித்துக்கொண்டே இருக்கும்.

அடுப்பங்கரை | மார்ச் 27, காலை 9.15

மூன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் இன்று சாயங்காலம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 27, காலை 11.00

25 வாட்ஸ் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ஏறக்குறைய ஒரு ஃபிரிட்ஜ்!

வைகைக்கரைக்குத் திரும்புகிறேன். 3 ஸ்டாருக்குப் பதில் 5 ஸ்டார் பார்த்தீர்களா? லேபிளில் 745 யூனிட் போட்ட ஒன்று என்றால் மணிக்கு 0.466, இரண்டு மாதத்துக்கு 224 யூனிட். மொத்தம் 604, பில் 2,917.80. அறுபத்து நாலு யூனிட்தான் குறைவு, ஆனால் அந்த அறுபத்து நாலும் 9.45 ரேட்டில் இருந்தவை. 604.80 ரூபாய் மிச்சம்.

அதைவிட சுவாரசியம் ஃபேனில் இருக்கிறது. 75 வாட்ஸ் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட்ஸில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், மூன்று ஃபேனுக்கும் சேர்த்து 113 யூனிட் குறையும். ஏ.சி. இல்லாத வீட்டில் இதன் மதிப்பு 531 ரூபாய். அதே 113 யூனிட், 3 ஸ்டார் ஏ.சி. ஓடும் வீட்டில் 1,020 ரூபாய். ஃபேன் அதேதான், மிச்சமாகும் யூனிட்டும் அதேதான், காசு மட்டும் இரண்டு மடங்கு. ஏனென்றால் குறைவது எப்போதும் மேல் படியிலிருந்துதான்.

இரண்டையும் செய்தால், 380-இல் 113 போக 267, அதோடு ஏ.சி.க்கு 224, மொத்தம் 491. பில் 1,748.30!

வைகைக்கரை | மார்ச் 27, இரவு 10.00

491! இதைப் பார்த்துவிட்டு மனைவி, "ஃபேன் மாற்றினால் ஏ.சி. பாதி இனாம்" என்று முடிவே செய்துவிட்டாள். வாடகை வீட்டில் ஃபேன் மாட்டுவது மட்டும் யோசனையாக இருக்கிறது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம் அல்லவா?

பழைய_ஒயர்மேன் | மார்ச் 28, காலை 6.30

தாராளமாக. பழைய ஃபேனைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள், போகும்போது மாட்டிவிட்டுப் போங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் ரிமோட்டில் ஓடுவது, பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏ.சி.க்குத் தனி ஒயர், 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.), தனி பிரேக்கர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், டி.வி. பிளக்கிலிருந்து இழுக்க வேண்டாம்.

24 டிகிரியில் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து புது ஏ.சி. ஆன் செய்ததும் 24-இல்தான் வர வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் ஆட்கள் முதல் வேலையாக அதை 18-க்குக் குறைத்துவிட்டுப் போர்வை தேடுவார்கள்.

வைகைக்கரை | ஜூன் 9, இரவு 9.15

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். ரீடிங் எடுத்துவிட்டார்கள். வாங்கியது 5 ஸ்டார் ஏ.சி. ஃபேன் மூன்றில் இரண்டைத்தான் மாற்றினேன், அம்மா ரூமில் இருப்பது "அந்தப் பழைய ஃபேன் காற்றுதான் காற்று" என்று மாற்ற விடவில்லை. அதனால் 491 என்ற கணக்கைத் திருத்தி 528 என்று காலண்டரில் எழுதி வைத்தேன். பில் 2,275 வர வேண்டும்.

வந்தது 561 யூனிட், 2,552 ரூபாய்.

33 யூனிட் எங்கே போனது என்று தெரியும். தினமும் காலை ஆறு மணிக்கு ரீடிங் எழுதி வைத்தேன். சாதாரண நாளில் 8, 9 என்று போனது, மே மாதம் அக்கா பிள்ளைகள் வந்து தங்கிய அந்த வாரத்தில் 13, 14. பகலிலும் ஏ.சி. கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

விளக்கையும் எண்ணினேன் அண்ணா. முதல் அரை மணி நேரம் வீடு மொத்தம் 1600 வாட்ஸ் பக்கம், நள்ளிரவில் 450. மகளும் கூட நின்று எண்ணினாள். அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது, அதனால் சரியாகப் போயிற்று.

சிறுவாணி | ஜூன் 9, இரவு 9.40

528 சொல்லி 561 வந்தால் அது பாஸ் இல்லை, முதல் வகுப்பு. போன வருஷம் நான் சொன்னது 450, வந்தது 790.

கணக்குப்பிள்ளை | ஜூன் 10, காலை 10.00

தினமும் எழுதி வைத்தீர்களே, அதுதான் வேலை. நாற்பதாவது நாள் ரீடிங்கை 40-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும், மீதி இருபது நாளில் ஏதாவது செய்யலாம். அறுபதாவது நாள் பில்லைப் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை.

ராக்கெட்_ராத்திரி | ஜூலை 2, காலை 7.20

ஜூலை 1 முதல் 3.16 சதவீதம் ஏற்றம் என்கிறார்களே, மேலே போட்ட கணக்கெல்லாம் வீணா?

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, காலை 8.05

வீடுகளுக்கு இல்லை, அந்த ஏற்றத்தை அரசே ஏற்றுக்கொண்டது. மேலே இருக்கும் ரேட்டே தொடர்கிறது.

மாடிவீடு | ஜூலை 6, மாலை 5.10

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். அந்த 1,118 ரூபாய்க் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பழைய பில்லை எல்லாம் எடுத்து வந்து, "இதற்கும் போடுங்கள்" என்றார். போட்டோம். இந்தத் தடவையிலிருந்து யூனிட் விகிதம்தான், தனி சர்வீஸுக்கு எழுதிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒரே தொல்லை, அவர் பெரிய மகன் வீட்டுக்கு ஏ.சி. வாங்கப் போகிறாராம். லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 1600-ஆல்தானே வகுக்க வேண்டும்?